உப்புக்காற்றில் பேஸ் கம்பி

பேஸ் கிற்றாரின் கம்பி மூன்று வழிகளில் கெடுகிறது. வாசிப்பவரின் விரலிலிருந்து இறங்கும் எண்ணெயும் உதிர்ந்த தோலும் தூசும் கம்பிச் சுற்றுகளின் இடுக்கில் அடைந்துகொள்வது ஒன்று. துரு ஏறுவது இன்னொன்று. மாதக்கணக்கில் இழுவையில் நின்று, ஃபிரெட் பட்ட இடமெல்லாம் தழும்பாகி, உலோகமே தளர்ந்துபோவது மூன்றாவது. மூன்றாவதற்கு மருந்து கிடையாது. கம்பியை மாற்றத்தான் வேண்டும். கம்பிப் பராமரிப்பைப் பற்றிப் புழக்கத்தில் இருக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை முதலாவதையே எதிரியாக வைத்துப் பேசுகின்றன. வெந்நீரில் அவி, ஸ்பிரிட்டில் ஊறப்போடு, எண்ணெய் பூசு என்பவை எல்லாம் அந்த வகை. குளிர்நாட்டு நகரங்களில், வரண்ட அறைகளுக்குள் வாத்தியம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வரிசை சரியாக இருக்கலாம். கொட்டியாரக்குடாவின் கரையில் அது சரிவராது. இங்கே முதல் எதிரி உப்பு. அழுக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது. கம்பியின் ஒலியைப் புதிதாக வைத்திருக்க விரும்புகிறவர் கழுவும் முறைகளைத் தேடுமுன் உப்பையும் ஈரத்தையும் கம்பியில் தங்கவிடாத வழியைத் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கரையிலுள்ள கட்டைபறிச்சான், மூதூரிலிருந்து சேனையூர், சம்பூர்ப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் கொட்டியாரக்குடா, ஊரை ஒட்டிக் களப்பு, களப்பைக் கடக்க இறால் பாலம். எந்தத் திசையில் திரும்பினாலும் உப்புத்தண்ணீருக்குத் தூரம் அதிகமில்லை. திருகோணமலை மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் வீசும் வாடை கடலைத் தொட்டுக்கொண்டு நேரே குடாவுக்குள் நுழைகிறது; திவலையையும் ஈரத்தையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கும் கச்சான் வேறு குணம். அது நிலத்தின் மேலாக வரும் காற்று. சூடும் வரட்சியும் கொண்டது. கச்சான் காலத்தில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும் கம்பி, வாடைக் காலத்தில் சில நாட்களிலேயே பழுப்பேறத் தொடங்குவதில் வியப்பில்லை. வருடம் முழுவதற்கும் ஒரே பராமரிப்பு என்று சொல்லும் எந்த அறிவுரையும் இந்தக் கரையில் பாதி வருடத்துக்குத் தவறாகிவிடும்.

துருவைப் பேசுமுன், கம்பி 'செத்துப்போச்சு' என்று வாசிப்பவர்கள் சொல்லும்போது உண்மையில் எது சாகிறது என்று பார்க்க வேண்டும். நாலு கம்பி பேஸின் தடித்த கம்பியான ஈ, திறந்து மீட்டும்போது செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. ஏ 55, டி 73, ஜி 98. இவை அடிச்சுரங்கள். அவற்றோடு கூடவே இரட்டை, மும்மடங்கு, நான்மடங்கு என்று மேற்சுரங்கள் எழுகின்றன. புதுக் கம்பியில் அந்த வரிசை சில ஆயிரம் அதிர்வுகள் வரை தெளிவாக நீள்கிறது. பியானோவின் அடிக்கட்டைகளை நினைவூட்டும் அந்த 'கணீர்' அங்கிருந்து வருவதே. பழைய கம்பியிலும் அடிச்சுரம் அநேகமாக அப்படியே இருக்கும், மடிந்துபோவது மேற்சுரங்கள். காரணம் கம்பியின் கட்டமைப்பில் இருக்கிறது. தடித்த ஒற்றைக் கம்பியைக் கட்டினால் அது விறைத்து நின்று சுரம் கெடும் என்பதால், மெல்லிய உருக்கு நடுக்கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுருளாகச் சுற்றிப் பாரம் ஏற்றுகிறார்கள். வளையும்போது சுற்றுகள் ஒன்றையொன்று விட்டு மிக நுட்பமாக விலகிச் சேர வேண்டும். இடுக்கில் பிசுக்கு அடைந்தால் ஒவ்வொரு வளைவிலும் சக்தி உராய்வாக வீணாகிறது. வேகமாக அதிரும் மேற்சுரங்களே இதில் முதலில் அடங்குகின்றன. பிசுக்கு ஒரே சீராகவும் படிவதில்லை. விரல் அதிகம் போகும் இடத்தில் கூடுதலாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் படிவதால் கம்பியின் பாரம் இடத்துக்கு இடம் மாறி, சுருதி பிசகுகிறது. திறந்த கம்பியைச் சுருதி சேர்த்த பின்னும் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் தொட்டு எழுப்பும் மேற்சுரத்தோடு ஒட்டாமல் நின்றால், வாத்தியத்தைத் திருகத் தொடங்குமுன் கம்பியைச் சந்தேகிப்பது நல்லது.

"பேஸ் என்பது அடியில் கிடக்கும் இடிமுழக்கம்தானே, கணீர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நகரத்து அரங்கில் பெரிய சப்வூஃபர் அடுக்கி வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி பொருந்தலாம். ஊர்த் திருவிழாவில், கலியாண வீட்டில், பள்ளி மண்டபத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் சுமார் 300 அதிர்வுகளுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஈ கம்பியின் எட்டுமடங்கு மேற்சுரம்தான் அந்த எல்லையை முதலில் தாண்டுகிறது. அதாவது அந்தக் குழாயில் ஈ கேட்கிறது என்றால், கேட்பது அடிச்சுரமே அல்ல. மேற்சுரங்களை வைத்துக் காதும் மூளையும் சேர்ந்து அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கின்றன. கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்பவருக்கும் இதுவே நிகழ்கிறது. மேற்சுரம் மடிந்த கம்பியை இந்தச் சாதனங்களில் போட்டால் பேஸ் வாத்தியமே மேடையிலிருந்து இறங்கிப் போய்விடும். தமிழ்ப் பாட்டுக்கு இது இன்னும் முக்கியம். இளையராஜாவின் குழுவில் சசிதரன் வாசித்த பேஸும், ஏ. ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீற்றர்ஸ் வாசித்த பேஸும் தாளத்துக்கு அடி கொடுப்பதோடு நிற்காமல் தனி மெட்டாகவே நடப்பவை. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வை மேடையில் வாசிக்க முயன்ற எவருக்கும் இது தெரியும். ஈழத்து மெல்லிசையும் பொப்பிசையும் அப்படியே. திருகோணமலையின் பரமேஷ் கோணேஷ் குழுவும், நித்தி கனகரத்தினமும், ஏ. ஈ. மனோகரனும் பாடி வளர்த்த துள்ளல் பாட்டில், பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில், பேஸின் ஒவ்வொரு அடியும் விளிம்போடு கேட்டால்தான் கால் ஆடும்.

இனி உப்பு. கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. வியர்வையில் ஆளுக்கு ஆள் வேறுபட்டு, லீற்றருக்கு ஏறக்குறைய 1 முதல் 5 கிராம். ஆக, கட்டைபறிச்சானில் வாசிக்கப்படும் கம்பிக்கு உப்பு இரண்டு பக்கத்தாலும் வருகிறது: காற்றாலும் கையாலும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்து உவர்நீராகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட் அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும். அதனால் இரவு மேடை முடிந்து, வேர்வையோடு உறைக்குள் போன கம்பி, உறைக்குள்ளேயே விடிய விடிய நனைந்துகொண்டிருக்கிறது. யாரும் தொடாத நேரத்தில்தான் கேடு அதிகம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். வாசித்த இரண்டு மணித்தியாலத்தைவிட, வாசித்து முடித்தபின் வரும் பத்து மணித்தியாலமே கம்பியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கடையில் அதிகம் கிடைக்கும் நிக்கல் முலாம் பூசிய உருக்குக் கம்பி இதில் குறிப்பாக ஏமாற்றும். முலாம் மெல்லியது. ஃபிரெட்டில் உரசும் இடத்தில் கீறல் விழுந்து உள்ளிருக்கும் இரும்பு வெளியே தெரிகிறது. நிக்கலும் இரும்பும் ஒரே உவர்நீர்த் துளிக்குள் அகப்பட்டால், இரும்பு தன்னைக் கொடுத்து நிக்கலைக் காப்பாற்றும். முலாம் இல்லாத இரும்பைவிட, கீறல் விழுந்த முலாம் கம்பி அந்தக் கீறலில் வேகமாக அரிக்கப்படுவது இதனால்தான். மேலே பளபளப்பு, கீழே, ஃபிரெட்டைத் தொடும் பக்கத்தில், புள்ளி புள்ளியாகப் பழுப்பு. ஸ்ரெயின்லெஸ் கம்பி நெடுநாள் தாங்கும். ஆனாலும் குளோரைட் அதன் பாதுகாப்புப் படலத்தையும் ஊசிமுனைக் குழிகளாகத் துளைக்கக்கூடியது. தவிர, ஸ்ரெயின்லெஸ் என்பது பெரும்பாலும் மேற்சுற்றுக்கு மட்டுமே. உள்ளே இருக்கும் நடுக்கம்பி சாதாரண கரிமஉருக்குத்தான். கடினம் கூடிய ஸ்ரெயின்லெஸ் சுற்று ஃபிரெட்டையும் சீக்கிரம் தேய்க்கும். கம்பியை மாற்றுவது லேசு. ஃபிரெட்டை மாற்றுவதற்குத் தெரிந்த கையை இந்தப் பக்கத்தில் தேட வேண்டும்.

ஆகவே முதல் வேலை, வாசித்து முடித்த அந்த நிமிடத்திலேயே துடைப்பது. இதைக் கேட்டதும் "அதுதான் செய்கிறோமே" என்பார்கள். செய்வது பெரும்பாலும் கம்பிகளின் மேல் துணியை ஒரு இழுப்பு இழுத்துவிடுவதுதான். துரு பிடிப்பதோ அடிப்பக்கத்தில். துவைத்துத் துவைத்து மென்மையான பருத்திச் சாரத்தின் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு கம்பியைச் சுற்றி இரு விரலால் கிள்ளிப் பிடித்து, தலைப்பக்கத்து நட்டிலிருந்து பாலம் வரை மெதுவாக இழுக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறத்தில் கோடு விழும், இது அழுக்கு. இடத்தை மாற்றிப் பிடித்து மறுபடி இழுத்தால் கோடு மங்கும். செம்பழுப்பாக ஒரு சாயல் தெரிந்தால் அது துரு, நீங்கள் பிந்திவிட்டீர்கள். நான்கு கம்பிக்கும் இரண்டு நிமிடம் போதும். வலக்கையின் மணிக்கட்டு சாய்ந்திருக்கும் பாலத்துப் பக்கத்தையும், முதல் ஃபிரெட்டுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள விரல்கடை இடத்தையும் பலர் மறந்துவிடுவார்கள். பேஸ் கம்பியில் முதலில் துரு தலைகாட்டும் இடங்கள் அவையே. நைலோன் துணி ஈரத்தை உறிஞ்சாது, உப்பைப் பூசிவிடும். அதைத் தவிர்க்க வேண்டும். காற்றில் பனி இறங்கும் திறந்தவெளி மேடையென்றால், இடைவேளையிலும் ஒருமுறை துடைப்பது வீண்போகாது.

அதற்கும் முந்திய வேலை கை கழுவுவது. கலியாண வீட்டில் சாப்பிட்ட கையோடு மேடையேறுவது வழக்கம். தண்ணீரில் மட்டும் கழுவிய கையில் கறியின் எண்ணெயும் மஞ்சளும் தங்கியே இருக்கும். கோயில் மேடையென்றால் விரல் நுனியில் சந்தனமும் திருநீறும். திருநீறு நுண்ணிய தூள். சுற்றுகளின் இடுக்கில் போய் அடைவதற்கு அதைவிடத் தோதான பொருள் கிடையாது. பக்திக்கு இதில் குறையொன்றும் இல்லை, வாசிக்குமுன் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி உலர்த்தினால் போதும். கம்பியில் அந்நியப் பொருள் கலந்தால் ஒலி கெடும் என்பது தமிழருக்குப் புதுச் செய்தியும் அல்ல. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசைப்போட்டியில் சீவகன், நீட்டப்பட்ட யாழ்களின் குறைகளைச் சொல்லி ஒதுக்குகிறான். நரம்பில் முறுக்குண்டு கிடந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். நரம்பில் மயிரும் தும்பும் இருப்பது குற்றம் என்பது பழைய உரைகளிலும் பேசப்படும் விடயம். இதே கிழக்கு மாகாணத்தின் காரைதீவில் பிறந்து, திருகோணமலையிலும் கல்விப்பணி செய்த விபுலாநந்த அடிகள் 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டபோது மீட்டெடுத்த மரபில் நரம்பின் தூய்மையும் ஓர் அங்கம்.

இனி, கழுவும் முறைகள். கம்பியைக் கழற்றி வெந்நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் ஒலி திரும்புகிறது என்பது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. சூடு பிசுக்கை இளக்குகிறது, கொதிப்பு இடுக்கிலிருந்து அதைத் தள்ளுகிறது. காசு செலவில்லை. இந்த முறையின் ஆதரவாளர்கள் சொல்லும் இந்த இரண்டு நியாயமும் சரியே. ஆனால் நீர் இடுக்கிலிருந்து பிசுக்கைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது. சுற்றுக்கு உள்ளே, நடுக்கம்பியில், துடைக்கும் துணி எட்டாத இடத்தில் அது தங்கும். மேல்நாட்டில் கொதித்த கம்பியை உடனே போறணையில் உலர்த்துவார்கள். அவர்களுடைய காற்றும் வரண்டது. வாடை மாதத்தில் கொடியில் போட்ட சேலையே இரண்டு நாள் காயாத ஊரில், கம்பியின் உள்வயிறு எப்போது காய்வது? நீர் எப்படிப்பட்டது என்ற கேள்வியும் உண்டு. களப்பையும் கடலையும் ஒட்டிய கிணறுகளில் தண்ணீர் சவர்க்கும். அந்தத் தண்ணீரில் கம்பியை அவிப்பது, உப்பைக் கம்பியின் உள்ளேயே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகும். கொதித்த கம்பி நாலைந்து நாள் நன்றாகப் பாடி, பிறகு முன்னிலும் மோசமாவதற்கு இதுவே காரணம். மழைநீரைப் பிடித்து அவித்து, கச்சான் வெயிலில் காயவைப்பதென்றால் ஓரளவு ஏற்கலாம். அதற்கு மேல் இந்த முறையைச் சிபாரிசு செய்ய என்னால் முடியாது.

இந்தக் கரைக்குப் பொருந்துவது மதுசாரத்தில் ஊறவைப்பது. அது எண்ணெயைக் கரைக்கிறது, தானும் ஆவியாகிப் போய்விடுகிறது; போகும்போது இடுக்கில் இருந்த ஈரத்தையும் ஓரளவு கூட்டிக்கொண்டு போகிறது. எந்த மதுசாரம் என்பதில்தான் பலர் கால் இடறுகிறார்கள். பாமசியில் கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் கொடுப்பார்கள். பிரித்தானிய மருந்துநூல் முறைப்படி தயாரிக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். தோல் வரளாமல் இருப்பதற்கு. கம்பியிலிருந்து எண்ணெயை எடுக்கப் போய் வேறோர் எண்ணெயை ஊட்டியதாக முடியும். கொரோனாக் காலத்தில் வீடு வீடாகச் சேர்ந்த கைசுத்திகரிப்பான் திரவத்திலும் கிளிசரின் கலந்திருக்கும்; கிளிசரின் ஈரத்தை இழுக்கும் பொருள். கைத்தொலைபேசி திருத்தும் கடைகளில் சேர்க்கிட் பலகை துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் அல்ககோலே இதற்குச் சரியானது. வாங்கியதை நம்பலாமா என்று அறிய, சுத்தமான கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டுக் காயவிடுங்கள். தடம் இல்லாமல் மறைந்தால் நல்லது. மங்கலான வளையம் நின்றால் கம்பிக்கு ஆகாது. நான்கடி எஸ்லோன் பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் ஒரு முனையை ஒட்டி அடைத்து, மறுமுனைக்குத் திருகுமூடி போட்டால் கம்பிகள் நேராகக் கிடக்கும். அகன்ற வாய்ப் போத்தலில் பெரிய சுருளாக விட்டாலும் வேலை நடக்கும். ஒரு இரவு ஊறியபின் நன்றாகக் குலுக்கி எடுத்துத் துடைத்து, வெயில்படாத காற்றில் ஒரு மணித்தியாலம் விட்டால் கட்டலாம். அடியில் கறுப்பாக வண்டல் இறங்கியிருக்கும். மேலே தெளிந்ததை வடித்து மறுபடியும் பயன்படுத்தலாம். மூடியை இறுக்காவிட்டால் மதுசாரம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பலவீனமாகும். அடுப்பும் சிகரெட்டும் கிட்ட வரக்கூடாது. வாத்தியத்தில் கம்பி கட்டியிருக்கும்போதே மதுசாரத் துணியால் துடைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பழைய வகை லக்கர், அரக்குப் பூச்சுகளை அது கரைத்துவிடும், பூச்சில்லாத ரோஸ்வுட் பலகையை வரளவைக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. அது அழுக்கை எடுக்கும். துருவை எடுக்காது, தழும்பை நிரப்பாது. கழற்றிக் கழற்றிக் கட்டும்போது முறுக்காணியில் வளைந்த இடம் களைத்து ஒருநாள் அறுந்துபோகும். இரண்டு அல்லது மூன்று தடவை ஊறிய கம்பிக்கு ஓய்வு கொடுப்பதே முறை. ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 16 முதல் 20 கிலோ இழுவையில் நிற்கிறது என்பதை நினைத்தால், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது பேராசை என்று தோன்றும்.

நம்மவர்களிடமிருந்தே வரும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வீணை வாசிப்பவர்கள் காலங்காலமாக விரலில் எண்ணெய் தொட்டுத்தானே வாசிக்கிறார்கள், தேங்காயெண்ணெய் பூசிய இரும்பில் துரு ஏறுவதில்லையே என்பது அது. வீணையின் மெட்டுக்குரிய உருக்குத் தந்தி சுற்றில்லாத வழுவழுப்பான கம்பி. எண்ணெய் அதன் மேல் தங்கினால் துடைத்துவிடலாம். சுற்றுக்கம்பியில் எண்ணெய் இடுக்குக்குள் இறங்கி, தூசைப் பிடித்து வைத்து, நாள்பட்டுச் சிக்கலாகிப் பசையாகிவிடும். ஒலியைக் கொல்வதற்கு அதுவே போதும். ஆனால் இந்த மறுப்பை முழுதாகத் தள்ளிவிடவும் கூடாது, அதில் ஒரு உண்மை இருக்கிறது. ஐப்பசியில் திருவிழாக்கள் ஓய்ந்து, தை வரை வாத்தியம் சும்மா தூங்கப் போகிறது என்றால், அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு ஒலி யாருக்கு வேண்டும்? அப்போது தையல் மெஷின் ஒயிலைத் துணியில் ஒற்றி, கம்பிமேல் படலம் தெரியாத அளவுக்குத் தடவி வைப்பதே அறிவான செயல். கனிம எண்ணெய் தேங்காயெண்ணெய்போலக் கெட்டுப் பிசுபிசுக்காது. கிற்றார்க் கடைகளில் விற்கும் ஃபாஸ்ட் ஃபிரெட்டிலும் இருப்பது கனிம எண்ணெய்தான். வாடை ஓய்ந்து வாத்தியத்தை எடுக்கும்போது கம்பியை மதுசாரத்தில் ஒரு இரவு ஊறவிட்டால் எண்ணெய் போய்விடும். எண்ணெயும் மதுசாரமும் ஒன்றுக்கொன்று பகை என்று பிரித்துப் பேசுவதைவிட, எதை எந்த மாதத்தில் பயன்படுத்துவது என்று கேட்பதே இந்தக் கரைக்கு உதவும்.

இன்னொரு மறுப்பு அமெரிக்காவிலிருந்து வருகிறது. மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்பது பேஸ் உலகில் பெயர்போன கதை. அழுக்கேறிய கம்பியிலேயே அந்தக் கொழுத்த ஒலி பிறந்தது என்றால், நாம் ஏன் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்? ஜேமர்சன் வாசித்தது லா பெல்லாவின் தட்டைச்சுற்றுக் கம்பி. நாடாபோன்ற உலோகம் நெருக்கிச் சுற்றப்பட்டதால் அதில் அழுக்கு அடைய இடுக்கே மிகக் குறைவு. அவருடைய பாலத்தடியில் ஃபோம் துண்டும் இருந்தது. மேற்சுரங்களை வேண்டுமென்றே அடக்கியிருந்தார். 1951இல் லியோ ஃபெண்டர் முதல் பிரிசிஷன் பேஸை வெளியிட்ட காலத்தில் எல்லோரும் கட்டியது தட்டைச்சுற்றுத்தான். கணீரென்ற வட்டச்சுற்று, 1960களின் நடுவில் ரொட்டோசவுண்ட் நிறுவனமும் 'த ஹூ' குழுவின் ஜோன் என்ட்விசிலும் சேர்ந்து உருவாக்கிய பின்னரே பரவியது. அதற்கும் மேலாக, டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கலையகத்தின் உள்ளறைக்கு வாடைக்காற்று வருவதில்லை. ஜேமர்சனின் கம்பியில் அழுக்கு இருந்திருக்கலாம், கடலுப்பு இருந்திராது. அழுக்கு ஒலியை மெல்ல மங்கச் செய்யும். உப்பு கம்பியையே தின்றுவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'பழசே நல்லது' என்பது இங்கே செல்லாது. ஆயினும் அவருடைய தெரிவில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பழைய மெல்லிசையும் தேவாலயப் பாடலும் மட்டுமே வாசிப்பவர் தட்டைச்சுற்றுக்கு மாறினால், பராமரிப்பின் பாதித் தொல்லை அன்றோடு தீர்ந்தது. வழுவழுப்பான மேற்பரப்பை ஒரே இழுப்பில் துடைக்கலாம். குழாய் ஸ்பீக்கரில் அது கொஞ்சம் பின்வாங்கும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பூச்சுக் கம்பிகள் இந்தக் கேள்வியையே முடித்துவைத்துவிட்டன என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். 1990களில் எலிக்சர் கொண்டுவந்த வகை, மெல்லிய பொலிமர்ப் படலத்தால் சுற்றுகளின் இடுக்கையும் சேர்த்து மூடிவிடுகிறது. உப்பும் பிசுக்கும் உள்ளே போக வழியில்லை. கரையோரத்துக்கு இது நல்ல பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. கேள்வி விலையில் இருக்கிறது. 2022இன் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாயளவில் நின்ற இலங்கை நாணயம் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதியாகும் கம்பியின் விலை அதோடு ஏறியது. சாதாரணக் கம்பிக் கட்டே பல ஆயிரம் ரூபாய் என்றானபின், அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு கேட்கும் பூச்சுக் கம்பி வருடத்தில் சில மேடைகள் வாசிக்கும் ஊர்க்குழுவுக்கு எட்டாது. "அழுக்கானால் மாற்றிவிடு" என்ற தொழில்முறைக் கலைஞரின் அறிவுரையும் இதே இடத்தில் இடிபடுகிறது. தவிர, ஃபிரெட் படும் இடத்திலும் விரல் மீட்டும் இடத்திலும் பூச்சு உரிந்து இழையாகத் தொங்கத் தொடங்கும். உரிந்த இடத்தில் உப்பு வேலையைத் தொடங்கிவிடும். பூச்சைக் கரைக்கப் போகிறதா இல்லையா என்று தெரியாமல் மதுசாரத்தில் ஊறவைக்கவும் தயக்கமாக இருக்கும். வாங்க முடிந்தவர் வாங்கலாம், வாங்கியபின்னும் துடைக்க வேண்டும்.

எங்கே வைப்பது என்பது கடைசிக் கேள்வி. ஈரமாக உள்ளே போட்டு இறுக்கிப் பூட்டிய பெட்டி, ஈரத்தை வெளியே விடாமல் காக்கும் பெட்டியாகிவிடும். உள்பஞ்சு உப்பைச் சேமித்து வைக்கும். துடைத்து, கால் மணித்தியாலம் அறைக்குள் ஆறவிட்டு, அதன்பிறகே உறைக்குள் இட வேண்டும். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சில போடலாம். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருவதைச் சேர்த்தாலே போதும்; மாதம் ஒருமுறை சூடான தாச்சியில் மெதுவாகப் புரட்டி எடுத்தால் திரும்பவும் ஈரம் பிடிக்கும். அரிசியைப் போடுவது வீண், அது உறிஞ்சுவது சொற்பம், தூள் வேறு உதிரும். வாங்கிய புதுக் கம்பி காற்றுப்புகாத உறையில் இருந்தால் கட்டும் நாள்வரை உடைக்காதீர்கள். வெறும் காகித உறையில் கடை அலுமாரியில் கிடந்த கம்பி, வீட்டுக்கு வருமுன்னே பழுப்பேறியிருக்கக்கூடும். வாங்கும்போது சுருளைப் பிரித்துப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். புதுக் கம்பி கட்டுவதற்கு உகந்த காலம் மாசி. கார்த்திகையில் கட்டிய கம்பி, திருவிழாக் காலம் வருமுன்னே பாதி ஆயுளைச் சும்மா இருந்தே இழந்துவிடும்.

கோயில் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் பொதுவில் வாங்கி வைத்த பேஸ் கிற்றார்கள் இருக்கின்றன. அவற்றைப் பலர் வாசிக்கிறார்கள், யாரும் துடைப்பதில்லை. அவற்றைப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடலைப் பார்த்த சன்னலோரத்திலிருந்து வாத்தியத்தை உள்சுவருக்கு மாற்றுங்கள், உறையின் பையில் ஒரு பருத்தித் துணியை வையுங்கள், வாசித்தவர் துடைத்துவிட்டே எழும்ப வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். புதுக் கம்பிக்குப் பணம் சேர்ப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.